தண்டுவடக் காயத்தின் வலிக்கும் ஒரு துறை பொறுப்பேற்க வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, மருத்துவப் பணிகள், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

இருசக்கர வாகன விபத்தொன்றில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவையும் தொடுஉணர்வையும் இழந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்துவரும் பள்ளி ஆசிரியை நான். தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள். எங்களைப் போன்றவர்களால் நடக்க முடியாது என்பது பார்க்கும் எவருக்கும் தெரிகிறது. சிறுநீரும் மலமும் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் கிள்ளினாலும் தெரியாத அந்தக் கால்கள் இரவெல்லாம் எரிகின்றன என்பதை நாங்களே வாய்விட்டுச் சொன்னாலும் நம்புகிறவர்கள் குறைவு. இந்த வலிக்கு அரசு மருத்துவமனையில் எந்தத் துறையிடம் போக வேண்டும் என்று கேட்டால், நான் அறிந்தவரையில் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஒரு துறையை இதற்குப் பொறுப்பாக்கி அதை எழுத்தில் ஆணையிட வேண்டும் என்பதும், அந்தத் துறை எழுதித்தரும் மருந்து தடையின்றி எங்கள் வீடு வந்து சேர வழிசெய்ய வேண்டும் என்பதும்தான் இம்மடலின் கோரிக்கை.

உணர்வற்ற இடத்தில் வலி எப்படி வரும் என்ற கேள்வியை உறவினர்கள் மட்டுமல்ல, சில நேரங்களில் மருத்துவப் பணியாளர்களும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அதை முதலில் விளக்கிவிடுகிறேன். உடலுக்கும் மூளைக்கும் நடுவே செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் அறுபடும்போது, அறுபட்ட இடத்தையொட்டி எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் அமைதியாகிவிடுவதில்லை. வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் வராமலே அவை தாமாகக் கிளர்ந்து வலிச் செய்தியை மேலே அனுப்பத் தொடங்குகின்றன. வலியைத் தணித்து வைப்பதற்காக மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் காயத்தில் தடைபட்டுப் போகின்றன. எனவே தோலில் ஒன்றுமில்லை, தசையில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாதத்தில் மிளகாய் விழுதை அப்பியது போன்ற எரிச்சல் இருந்துகொண்டே இருக்கும். இது காயத்துக்குக் கீழே உண்டாகும் நரம்பு வலி. காயம்பட்ட மட்டத்திலேயே இன்னொரு வகை உண்டு. என் கோப்பில் டி 10, அதாவது தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் பத்தாவது மட்டம், என்று எழுதியிருக்கிறது. அந்த மட்டத்துக்குரிய தோல் பகுதி தொப்புளைச் சுற்றி அமைந்தது. அங்கே ஒரு பட்டை அளவுக்கு எப்போதும் இறுக்கம் இருக்கிறது, சேலை உரசினாலே தாங்க முடிவதில்லை.

இத்தகைய வலி விபத்து நடந்த உடனேயே வரவேண்டும் என்பதில்லை. பலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அறுவைச் சிகிச்சைத் தழும்பு ஆறி, இனி பழகிக்கொள்ளலாம் என்று மனம் தேறத் தொடங்கும் வேளையில்தான் தலைகாட்டுகிறது. தண்டுவடக் காயம் அடைந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நரம்பு வலி இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். உலகில் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் இந்த வலி எத்தனை பேருடையது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, நாள்பட்ட வலியை மற்றொரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல் தனக்கென்று குறியீடு உடைய நிலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றை எங்கள் மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் இன்னமும் நாங்கள் வாதாடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வாதாட்டம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில், முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்ததைக் கேட்டுக்கொண்டு எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கம்பிகள் சரியாக இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, இது நரம்புச் சமாசாரம் என்று நரம்பியல் பிரிவுக்கு எழுதுகிறார்கள். பக்கவாதமும் வலிப்பும் வந்த நோயாளிகள் நிரம்பி வழியும் அந்த அறையில், காயம் பழையது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற சொல்லும், சத்து மாத்திரையும், ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டும் கிடைக்கின்றன. தூக்கமில்லை என்று சொன்னால் மனநலப் பிரிவு. இத்தனைக்கும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரிசை. வரிசையில் உட்கார்ந்தே இருப்பதால் பிட்டத்தில் புண் வராமலிருக்க இடையிடையே கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கூட வந்தவருக்கு அன்றைய கூலி போய்விடும். பெயர் சொல்லி யாரையும் குறைகூற நான் விரும்பவில்லை. ஒவ்வோர் அறையிலும் இருந்த மருத்துவர் தம் துறைக்கு உட்பட்டதைச் செய்தார். எந்தத் துறைக்கும் உட்படாததாக எங்கள் வலி விடப்பட்டிருப்பதுதான் என் முறையீடு.

துறை ஒன்று பொறுப்பேற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தண்டுவடக் காயத்துக்குப் பின் வரும் வலி ஒரே வலி அல்ல. சக்கர நாற்காலியை ஆண்டுக்கணக்கில் தள்ளுவதாலும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் கைகளாலேயே உடலைச் சுமந்து மாறுவதாலும் தோள்மூட்டு தேய்ந்து வலிக்கிறது. அதற்குத் தேவை தோள் பயிற்சியும், சரியான அளவில் செய்த நாற்காலியும், மாறி உட்காரும் முறையைத் திருத்திச் சொல்லும் ஒரு பிசியோவும். கால்களில் தசை இறுகி வெட்டி இழுக்கும் இழுப்பு வேறு. அதற்கு பேக்லோஃபென் போன்ற மாத்திரை. எரிச்சலாக வரும் நரம்பு வலி வேறு. அதற்கு மாத்திரையும் வேறு. இவற்றோடு, சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்பட்டாலோ, மலம் கட்டிக்கொண்டாலோ, அழுத்தப் புண் வந்தாலோ, நகம் சதைக்குள் வளர்ந்தாலோகூட, அந்த இடத்தின் வலி எங்களுக்குத் தெரியாமல், இழுப்பும் எரிச்சலும் கூடுவதாக மட்டுமே தெரியும். டி 6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, அடைத்துக்கொண்ட கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) ஒன்றே இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். அதன் அறிகுறியான தலைவலியோடு வருகிறவருக்கு வெறும் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் உயிருக்கே கேடு. மேலும், பல ஆண்டுகளாக ஒரே மாதிரி இருந்த வலி திடீரென்று இடம் மாறினாலோ, கைகளுக்கு ஏறினாலோ, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகி வளர்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் எஞ்சியிருக்கும் கையசைவும் போய்விடக்கூடும். இவையெல்லாவற்றையும் ஒருசேர மனத்தில் வைத்து, நாற்காலியில் இருப்பவரைப் படுக்கையில் கிடத்தி, தலை முதல் கால் வரை பார்த்துக் கேட்கும் மருத்துவர் ஒருவர் வேண்டும். நான்கு அறைகளில் நான்கு பேர் ஆளுக்கொரு பகுதியைப் பார்ப்பதால் இது நடக்காது.

மருந்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இங்கேதான் குறைந்த செலவில் மிகுந்த பயன் கிடைக்க வழியிருக்கிறது. தண்டுவடக் காயத்தின் நரம்பு வலிக்கு முதல் நிலையில் பரிந்துரைக்கப்படுபவை ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகிய மருந்துகள். ஆஸ்திரேலியாவில் தண்டுவடக் காயமடைந்த 137 பேரிடம் 12 வாரங்கள் நடந்த ஆய்வு 2006இல் வெளியாகி, ப்ரீகாபலின் வலியைக் குறைத்துத் தூக்கத்தையும் சீராக்குவதைக் காட்டியது. 2012இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதே வலிக்கென்று அதற்கு ஒப்புதல் அளித்தது. இம்மருந்துகள் எல்லாருக்கும் பலன் தருவதில்லை, பலன் தருகிறவர்களுக்கும் வலி முழுமையாக நின்றுவிடுவதில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பத்துக்கு எட்டாக இருக்கும் வலி ஐந்தாகக் குறைந்தால், இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க முடியும், மறுநாள் வகுப்பில் ஒரு பாடத்தை முழுதாக நடத்த முடியும், பெற்ற பிள்ளையிடம் எரிந்து விழாமல் இருக்க முடியும். எங்களுக்கு அந்த மூன்று புள்ளிகள் மிகப் பெரியவை.

அதே நேரத்தில் இவை கண்ணை மூடிக்கொண்டு எழுதித்தரக்கூடிய மருந்துகளும் அல்ல. ப்ரீகாபலினும் காபாபென்டினும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. சிறுநீர்ப்பை சரிவர இயங்காததால் எங்களில் பலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போகும் நிலை இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் மருந்தின் அளவைக் கூட்டினால் மருந்து உடலில் தேங்கி மயக்கமும் தள்ளாட்டமும் வரும். தள்ளாட்டத்தோடு நாற்காலி மாறுகிறவர் கீழே விழுவார். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தேக்கத்தையும் கூட்டும், எங்களுக்கு இரண்டும் ஏற்கெனவே இருப்பவை. ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, வாரம் வாரமாக ஏற்றி, இடையில் ஒருவர் கேட்டுப் பார்த்து மாற்றித்தர வேண்டியிருக்கிறது. தொடர்ந்து ஒரே மருத்துவர் பார்க்காத இடத்தில் இது எப்படி நடக்கும்? நடப்பது என்னவென்றால், குறைந்த அளவு மாத்திரையைச் சில நாள்கள் தின்று பார்த்துவிட்டு, இது கேட்கவில்லை என்று நோயாளியே நிறுத்திவிடுகிறார்; அல்லது, நரம்பு வலிக்குப் பெரிதும் உதவாத டைக்ளோஃபினாக் ஊசியைத் தெருமுனைக் கிளினிக்கில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, இருக்கும் சிறுநீரகத்தையும் பாழாக்கிக்கொள்கிறார்.

கிடைத்த மருந்தும் தடையின்றிக் கிடைப்பதில்லை. சில நாள்களுக்கான மாத்திரைகளை மட்டும் தந்து, தீர்ந்ததும் நேரில் வரச் சொல்கிறார்கள். நேரில் வருவதென்றால் எங்களுக்கு வாடகை வண்டி வேண்டும், தூக்கி ஏற்ற இருவர் வேண்டும், வழியில் கதீட்டர் மாற்ற மறைவான இடம் வேண்டும். வந்து சேர்ந்தால் இந்த வாரம் இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதிலும் கிடைத்திருக்கிறது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் இழுப்பு முன்னைவிட மோசமாகத் திரும்புவதோடு காய்ச்சலும் வலிப்பும்கூட வரலாம். ப்ரீகாபலினையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இருப்பு இல்லை என்ற சொல்லின் விளைவு வெறும் வலி மட்டுமல்ல என்பதை மருந்து வழங்கும் பிரிவில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலேயே மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கும் முறையை உருவாக்கி, பிற மாநிலங்களுக்கு வழிகாட்டிய அமைப்பு. ஒரு மாவட்டத்தில் இந்த மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளும் தண்டுவட நோயாளிகள் எத்தனை பேர் என்ற பட்டியல் கையில் இருந்தால், இருப்பு தீராமல் பார்த்துக்கொள்வது அந்தக் கழகத்துக்குக் கடினமான வேலையாக இராது.

வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று மருந்துக் கடைக்குப் போனால் அங்கே வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. வலி மாத்திரைகளை, குறிப்பாக டேபென்டடால் போன்றவற்றை, இளைஞர்கள் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவது அண்மை ஆண்டுகளில் பெருகி, காவல்துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கடைகளைச் சோதனையிட்டு நடவடிக்கை எடுத்துவருகின்றன. மாணவர்களை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியை என்ற முறையில் அந்த நடவடிக்கைகளை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அதன் பின்விளைவாக, முறையான மருந்துச் சீட்டோடு வருகிற நோயாளியையும் கடைக்காரர் ஐயத்தோடு பார்க்கிறார். எதற்கு இத்தனை மாத்திரை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். வம்பு வேண்டாம் என்று ப்ரீகாபலினையே கடையில் வைப்பதில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்காக வாங்கச் சென்ற என் தம்பி, மகன் வயதுள்ள பையன்களுக்கு நடுவே குற்றவாளியைப் போல நிறுத்தி வைக்கப்பட்டதை எண்ணினால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அரசு மருத்துவமனையின் முத்திரையோடு, இன்ன நோயாளிக்கு இன்ன மருந்து இன்ன அளவில் இத்தனை மாதத்துக்குத் தேவை என்று கூறும் அடையாளப் புத்தகம் ஒன்றை எங்களுக்குத் தாருங்கள். கடைக்காரர் அதில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்திடட்டும். கள்ளத்தனமாக வாங்குகிறவரைப் பிடிக்கவும் அது உதவும், எங்களை மானத்தோடு வாங்கவும் விடும்.

அரசுக்கு இது இயலாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும், தீராத நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சேவையும் அதே திட்டத்தின் பகுதிகள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு வருகிற அந்தச் சகோதரி என் வீட்டைக் கடந்துதான் போகிறார். அவருடைய பையில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. என் மாத்திரை இல்லை. அவருடைய பட்டியலில் தண்டுவடக் காயமடைந்தவர்களின் வலி மருந்தையும் இழுப்பு மருந்தையும் சேர்த்து, நோய்த்தணிப்புச் செவிலியர் வரும்போது வலியின் அளவையும் தூக்கத்தையும் மலம், சிறுநீர், புண் ஆகியவற்றின் நிலையையும் கேட்டு எழுதி, ஆண்டுக்கு இருமுறையாவது கிரியேட்டினின் பார்க்க இரத்தம் எடுத்துச் சென்றால், எங்கள் அலைச்சலில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்களை முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிக் காப்பாற்றுகிறது. அது எவ்வளவு உயர்ந்த திட்டம் என்பதை விபத்தில் சிக்கியவள் என்ற முறையில் நான் அறிவேன். அப்படிக் காப்பாற்றப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் தண்டுவடம் முறிந்தவர்களாக வீடு திரும்புகிறார்கள். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள் என்று இன்னும் பலர் அவர்களோடு சேர்கிறார்கள். பெரும்பாலும் வேலை செய்யும் வயதில் உள்ள ஏழைகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவர்களுடைய அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக அமைந்த திட்டமாதலால், வீட்டில் இருந்தபடி மாதந்தோறும் வாங்கித் தின்ன வேண்டிய மாத்திரைக்கு அதில் வழியில்லை. 48 மணி நேரத்துக்குப் பின் 40 ஆண்டுகள் வாழ வேண்டியவருக்கு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே, வலி வந்தால் எங்கே எந்தக் கிழமையில் எந்த அறைக்கு வர வேண்டும் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள் இல்லாத இடைவெளியில் யார் நுழைகிறார்கள் என்பதையும் துறை அறிய வேண்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் வலியும் போகும், நடக்கவும் செய்யலாம் என்று சொல்லி இலட்சக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடக் காயத்துக்கு அத்தகைய சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே வழங்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன; ஆனால் வலியில் துடிக்கும் மகனுக்காக அரை ஏக்கர் நிலத்தை விற்கத் துணியும் தந்தையிடம் அந்த நெறிமுறையை யார் எடுத்துச் சொல்வது? பணம் இல்லாதவர்கள் வீட்டு வைத்தியத்துக்குப் போகிறார்கள். எரியும் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சூடு தெரியாத தோல் வெந்து, ஆறாத புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அசையாத காலின் எலும்பு மெலிந்துவிடும் என்பதை அறியாமல் எண்ணெய் போட்டு அழுத்தி நீவித் தொடை எலும்பு முறிந்தவர்களும் உண்டு. அன்பினால் செய்யப்பட்டவை இவை. சொல்லித்தர ஆளிருந்திருந்தால் நடந்திரா.

மனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்புவது தவறென்று நான் கூறவில்லை. தூக்கமின்றி வலியோடு கழியும் மாதங்கள் எந்த மனத்தையும் உடைக்கும். வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததாக என்னிடம் சொன்ன தண்டுவட நண்பர்கள் உண்டு. 104, 14416 என்ற தொலைபேசி உதவி எண்களில் பேச ஆளிருப்பது நல்லது, அதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் வலி பொய், மனம்தான் காரணம் என்ற முடிவோடு அனுப்புவதும், வலி மெய், அது மனத்தையும் வருத்துவதால் இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவோம் என்று அனுப்புவதும் வேறுவேறு. இரண்டாவது முறையில் அனுப்பப்பட்ட எவரும் போக மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் தேவையான அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் முயற்சியால், 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்து ஆய்க்குடியில், தாமும் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவரான திரு. எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்றளவும் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்குப் பயிற்சி தருகிறது. சென்னை கே.கே. நகரில் அரசே நடத்தும் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் 2008இல் நோய்த்தணிப்புக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வீடுதேடிச் செல்லும் சேவையை நிறுவியபோது, புற்றுநோயாளிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. வேலூருக்கும் சென்னைக்கும் போக முடிந்தவர்களுக்குக் கிடைப்பது, செங்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் இருப்பவர்களுக்கும் கிடைக்கும்படி செய்யும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை.

எனவே ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கும் இடத்தில் அத்துறையும், இல்லாத இடத்தில் மயக்கவியல் துறையின் வலிச் சிகிச்சைப் பிரிவோ நரம்பியல் துறையோ, இன்னது என்று பெயர் குறிப்பிட்டு, தண்டுவடக் காயத்தின் வலிக்குப் பொறுப்பாக்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாள், தரைத்தளத்தில், படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலும் கதீட்டர் மாற்றும் இடமும் உள்ள ஓர் அறையில், ஒரே மருத்துவக் குழு எங்களைப் பார்க்க வேண்டும். பிசியோவும் மனநல ஆலோசகரும் அன்று அங்கேயே இருக்க வேண்டும். இருமுறை பார்த்து மருந்தின் அளவு நிலைப்பட்டபின், இடைப்பட்ட மாதங்களில் தொலைபேசி வழியாகவோ காணொலி வழியாகவோ கேட்டுக்கொண்டால் போதும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதற்கென்று ஒரு நாள் பயிற்சி அளித்தால், எரிச்சல் வலிக்கு ஊசி போடும் வழக்கமாவது நிற்கும். பல இலட்ச ரூபாய் விலையுள்ள, தண்டுவடத்தில் பொருத்தும் கருவிகளை நான் கேட்கவில்லை; எங்கள் வகை வலிக்கு அவற்றின் பலன் உறுதியாக நிறுவப்படவும் இல்லை. நான் கேட்பவை ஏற்கெனவே அரசின் கையில் இருக்கும் மருத்துவர்கள், மருந்துகள், வண்டிகள் ஆகியவற்றை எங்கள் பக்கமும் திருப்பிவிடும் ஆணைகள்.

இத்தகைய ஏற்பாட்டை வகுக்கக் குழு ஒன்று அமைக்கப்படுமானால், அதில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்; ஆணும் பெண்ணும், கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரும் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவரும் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் வலி கூடும், எந்த மருந்து எத்தனை மணிக்குத் தூக்கத்தைத் தரும், பேருந்தில் போக முடியாத ஊரில் எது தடையாக நிற்கும் என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள்.

குழுவும் துறையும் அமையும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தண்டுவடக் காயத்துக்கான மருத்துவக் குறிப்பும் உள்ளவர்களுக்கு, வலி மருந்தையும் இழுப்பு மருந்தையும் முழு மாதத்துக்கு ஒரே தவணையில், அவர் நேரில் வராவிட்டாலும் வீட்டில் ஒருவரிடம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தால் போதும். அதை இந்த மாதமே பிறப்பித்து உதவுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஓர் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.